தவிட்டுக்கு வாங்கிய சமத்து

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாதிப் பேச்சில் நான் எழுந்து போய்விட்டேன் என்று நீங்கள் எல்லாரும் என்மேல் வருத்தமாக இருக்கிறீர்களாம். கேள்விப்பட்டேன். முழங்கால் வலி என்று நான் சொன்னது பொய். உங்களில் ஒருத்தி தன் பேத்தியைப் பற்றிச் சொன்னாளே, "நாலு வயசுதான் ஆகுது, அம்மா வேலைக்குப் போனா ஒரு சிணுங்கல் கிடையாது, தானே சாப்பிடும், தானே தட்டைக் கழுவி வைக்கும், அவ்வளவு சமத்து" என்று. அதற்கு மற்றவர்கள், "நம்மளையெல்லாம் அப்படித்தானே வளர்த்தாங்க, அதனாலதான் இன்னைக்கும் திடமா இருக்கோம்" என்று தலையை ஆட்டினீர்களே, அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

சமத்து என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாம் திடமாக இருக்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். மாத்திரை டப்பாவைத் திறக்க ஆள் கூப்பிடுகிற திடம்தான் என்றாலும் திடம்தான். ஆனால் அந்தப் பிள்ளை தட்டைக் கழுவி வைக்கிறதே, அது தைரியத்தில் கழுவுகிறதா, பயத்தில் கழுவுகிறதா என்று உங்களில் ஒருத்தியாவது கேட்டீர்களா? நானும் அப்படித் தட்டைக் கழுவி வைத்த பிள்ளைதான். பிள்ளை வளர்ப்பது எப்படி என்று எங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டுப் போக வீட்டுக்கு ஆள் வரும். அந்தப் பெருமை என்ன விலைக்கு வந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படுவதானால் படுங்கள்.

எங்கள் வீடு தென்காசியில். அப்பாவுக்கு ஆய்க்குடி போகும் வழியில் வயல். முதலில் பிறந்தவன் அண்ணன். அவனுக்குப் பிறகு பிறந்த இரண்டு பெண்களும் தவழுகிற வயதைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு நான். இப்படி அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில் பிறக்கிற பிள்ளையை நம் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுளகில், அதுதான் முறத்தில், கிடத்தி அடுத்தவள் ஒருத்தி கையில் கொடுத்துவிடுவார்கள். பிறகு அவளுக்கு ஒரு நாழித் தவிடு அளந்து கொடுத்து, அதே பிள்ளையை விலைக்கு வாங்குவார்கள். இது இந்த வீட்டில் பிறந்ததில்லை, வெளியிலிருந்து வாங்கி வந்தது, அதனால் இங்கே உனக்கு வேலை இல்லை என்று எமனிடம் சொல்கிற ஏற்பாடு. என்னைச் சுளகோடு வாங்கித் தவிட்டுக்கு விற்றவள் எங்கள் வீட்டுக்குத் தயிர் கொண்டுவருகிறவள். அவளுக்கும் மாடு உண்டு, தவிடு வீணாகவில்லை.

எமன் ஏமாந்தானோ என்னவோ, நான் நன்றாக ஏமாந்தேன். ஏனென்றால் எனக்கு யாரும் முழுக் கதையைச் சொல்லவில்லை. செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக்கூடாது, அது ஆகாது. எனக்கு இரண்டு அக்காக்கள் இருந்தார்கள் என்பதே என் கல்யாணம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் என்னைத் தவிட்டுக்கு வாங்கியது மட்டும் தினப்படி பேச்சு. அண்ணன் என்னைக் கூப்பிடுவதே "ஏட்டி தவிடு" என்றுதான். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, விருந்தாளி யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்ல, தவிட்டுக்கு வாங்குனது" என்று சொல்லிச் சிரிப்பாள். அதைச் சொல்லச் சொல்ல எனக்கு ஆயுசு கூடும் என்று அவளுக்கு நம்பிக்கை. என்னிடம் அதைச் சொல்லியிருக்கலாமே.

தயிர்க்காரி தினமும் காலையில் வருவாள். பானையை இறக்கி வைத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி என்னைப் பற்றித்தான்.

"என்ன தாயி, எம் பிள்ள ஒழுங்கா இருக்காளா? சேட்ட கீட்ட பண்ணுதாளா? பண்ணுனா சொல்லுங்க. தவிட்டத் திருப்பிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிருதேன்."

அம்மா தலையைக்கூடத் தூக்க மாட்டாள். "இப்போதைக்கு இருக்கட்டும். பாப்போம்" என்பாள்.

இருவரும் சிரிப்பார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். 'இப்போதைக்கு' என்றால் எதுவரைக்கும் என்று யாரிடம் கேட்பது? தயிர்க்காரிக்குப் பாம்படம் போட்ட காது, தோள் வரைக்கும் தொங்கும். அவள் போன பிறகு என் காது மடலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன், நீள ஆரம்பித்துவிட்டதா என்று. அவள் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அம்மா என்றால் என் அம்மாதான். அவளை விட்டுப் போகக்கூடாது. ஏழு வயசுவரை எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

ஆகவே நான் திருப்பிக் கொடுக்க இடம் வைக்கவில்லை. அண்ணன் முறுக்கு வேண்டும் என்று தரையில் புரளுவான்; அவன் அந்த வீட்டில் பிறந்தவன், புரளலாம். நான் கும்பாவில் விழுந்ததைத் தின்று, இரண்டாம் தரம் கேட்காமல் எழுந்து, கும்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவேன். தலையை நானே பின்னிக்கொள்வேன், ஒரு பக்கம் மேலே ஒரு பக்கம் கீழே. காலில் முள் ஏறினால் வைக்கோற்போருக்குப் பின்னால் போய் நானே பிடுங்கிக்கொள்வேன். காய்ச்சல் வந்தால் சொல்லவே மாட்டேன். அப்பா வாசுதேவநல்லூரிலிருந்து வாங்கிவந்த உழவு மாடு ஒன்று கால் தாங்கி நடக்கிறது என்று, விற்றவரிடமே திருப்பி ஓட்டிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்துக்கொள்வார்களா?

வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது. அத்தை தெருப் பெண்களுக்குப் பாடமே எடுப்பாள்.

"விழுந்தா ஓடிப்போயித் தூக்காதீக. அழுதா திரும்பிப் பாக்காதீக. இவள நாங்க ஒரு நாளு கொஞ்சுனது கிடையாது. பாருங்க, தானா நிமிந்துக்கிட்டா. ஒத்த வேல சொல்லணுமா? சமத்து!"

அவர்களும் கேட்டுக்கொண்டு போவார்கள். அந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் என்னால் அடி வாங்கினார்களோ தெரியாது. "தவிட்டுக்கு வாங்குனவளுக்கு இருக்கிற பொறுப்பு உனக்கில்லையே" என்று பக்கத்து வீட்டில் ஒரு பையனைச் சாத்தும்போது நான் இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தயிர்க்காரி தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால்தானே என்னைக் கொண்டுபோக முடியும்? அதற்கு முன்னால் நானே ஒரு நாழித் தவிட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டால்? என்னை வாங்கக் கொடுத்தது அவளுக்குத் திரும்ப வந்துவிடும். அவளுக்கு நஷ்டம் இல்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் பாக்கி இல்லாமல் அந்த வீட்டிலேயே இருந்துவிடலாம். எந்தக் கடைக்காரரிடம் சொன்னாலும் இந்தக் கணக்கு உதைக்கும் என்பார். எனக்கு அப்போது உதைக்கவில்லை. பின்கட்டில் நெல் குத்துகிற நாளில் உரலைச் சுற்றிச் சிந்துகிறதை, சுளகில் புடைக்கும்போது பறந்து விழுகிறதை எல்லாம் உள்ளங்கையால் கூட்டி அள்ளி, வாய் உடைந்த ஒரு கலயத்தில் போட்டு விறகுக்குப் பின்னால் வைத்தேன். வண்டு விழுந்தால் வெயிலில் பரப்பிப் பொறுக்குவேன். கோழி வந்து ஒரு தரம் பாதியைத் தின்றுவிட்டது. கோழியை ஒன்றும் சொல்லவில்லை, அதுவும் வீட்டுக் கோழி.

அந்த வருஷம் தம்பி பிறந்தான். அவனை யாரும் சுளகில் போடவில்லை. நான் இருந்து காட்டிவிட்டேன், இனிமேல் பயமில்லை என்று நினைத்திருப்பார்கள். என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. அவன் வாங்கின பிள்ளை இல்லை, பெற்ற பிள்ளை. நான் இன்னும் கொஞ்சம் சமத்தானேன்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியது. உங்களில் சிலருக்கு எங்கள் ஊர்ச் சாரல் தெரியாது. மழை என்று குடை பிடிக்கவும் முடியாது, மழையில்லை என்று துணி காயப்போடவும் முடியாது. தென்காசித் தெருவில் நின்று மேற்கே பார்த்தால் மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று இருக்கும். என் கலயத்துத் தவிட்டில் பூஞ்சை வாடை அடித்தது. அந்தச் சாரலுக்குத்தான் மதுரையில் வக்கீலாக இருந்த பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. உடம்புச் சூடு தணிய சீசன் முழுக்க அருவியில் குளித்தால் பெரியம்மாவுக்குப் பிள்ளை தங்கும் என்று ஒரு வைத்தியர் சொல்லியிருந்தார். குற்றாலத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பெரியம்மாவுக்குத் துணைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வேண்டும் என்றார்கள். அண்ணன் அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினான். அம்மா என்னை அனுப்பினாள்.

"இவளக் கூட்டிட்டுப் போங்க அக்கா. இருக்கிற இடம் தெரியாது" என்றாள்.

பெரியப்பா நல்ல மனுஷர். ஆனால் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு கொள்கை வைத்திருப்பார். நம் ஜனங்கள் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்துத்தான் நாடு இப்படிக் கிடக்கிறது என்பது அவர் கட்சி. பேச்சில் 'டிசிப்ளின்' என்ற சொல் அடிக்கடி வரும். குற்றாலத்துக்கு வந்த இரண்டாம் நாளே பேரருவியில் பெண்கள் பக்கத்தில் பெரியம்மா கையிலிருந்து நான் வழுக்கிப் பாறையில் மோவாய் அடிபட்டு விழுந்தேன். ரத்தம் வந்தது. பாவாடை நுனியால் மோவாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு நானே எழுந்து வந்தேன். துண்டோடு வெளியே நின்ற பெரியப்பா என்னைப் பார்த்துப் பதறித்தான் போனார். ஆனால் அடுத்த நிமிஷமே அவருக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார்.

"அழுதியாட்டி?"

"இல்ல பெரியப்பா."

"பாத்தீரா ஓய்!" என்று பக்கத்திலிருந்த நண்பரின் தோளைத் தட்டினார். "எங்க தம்பி வீட்டு வளர்ப்பு. இதுதான் நான் சொல்லுத டிசிப்ளின்."

அன்று முதல் நான் அவருடைய சாட்சி. சீசனுக்கு வந்திருந்த நண்பர்கள் குடும்பத்தோடு சாயங்காலம் வீட்டுக்கு வருவார்கள். ஒரு நாள் பெரியப்பா கூடை நிறைய மங்குஸ்தான் வாங்கிவந்தார். கருஞ்சிவப்பு ஓட்டைக் கையால் அமுக்கி உடைத்தால் உள்ளே வெள்ளைச் சுளை. எனக்கு அந்த வாசனையே போதும், வாய் ஊறிவிட்டது. வந்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. "இவ கேக்க மாட்டா. பாத்துக்கிட்டே இருங்க" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். நான் கேட்கவில்லை. ஒரு அம்மாள் தன் பிள்ளையின் தலையில் ஒரு குட்டு வைத்து, "பாரு, அந்தப் பிள்ளையப் பாரு" என்றாள். பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு அவர் பேச்சு சுவாரசியத்தில் கூடையை மறந்துவிட்டார், பழம் தீர்ந்துவிட்டது. வேண்டுமென்று செய்தாரா என்றால் இல்லை. இதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

நான் அருவியில்தான் அழுதேன். அங்கே அழுவது சௌகரியம். தண்ணீர் உச்சந்தலையில் அறைகிற அறையில் பக்கத்தில் நிற்பவள் கத்துவதே கேட்காது. எல்லார் முகமும் நனைந்திருக்கும், எல்லார் கண்ணும் சிவந்திருக்கும். அம்மாவை நினைத்துக்கொண்டு தொண்டை கிழிய அழுவேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடின பிறகும் நான் மட்டும் நிற்பேன். "பயமே இல்ல பாரேன் இவளுக்கு, எம்புட்டு நேரம் நிக்குதா" என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

பெரியம்மாவுக்கு மட்டும் என்னவோ உறுத்தியிருக்க வேண்டும். மங்குஸ்தான் சாயங்காலத்துக்கு மறுநாள் காலையில், எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினாள்.

"தின்னுட்டி."

"வேண்டாம் பெரியம்மா."

"யாருக்கும் சொல்லமாட்டேன். தின்னு."

"பசிக்கல பெரியம்மா."

எண்ணெய்க் கையோடு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "உனக்கு என்னதாம்ட்டி வேணும்? வாயத் தொறந்து சொல்லு. எதுன்னாலும் வாங்கித் தாரேன்."

அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு நாழித் தவிடு வேண்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. கோழி தின்றதும் பூஞ்சை பிடித்ததும் போக என் கலயம் நிறையவில்லை. ஆனால் பெரியம்மா பெரியப்பாவிடம் சொல்வாள், அவர் அப்பாவிடம் சொல்வார், தயிர்க்காரிக்கும் தெரிந்துவிடும். "ஒண்ணும் வேண்டாம்" என்றேன். அவள் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளைக்காக அருவிக்கு வந்தவள். இந்தப் பிள்ளைக்குப் பாசம் காட்ட ஆளில்லை, நான் காட்டுகிறேன் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள் என்று பின்னாளில் அவளே என்னிடம் சொன்னாள். அவளாவது சரியாகப் பார்த்தாளே என்று நினைப்பீர்கள். பார்த்தாள். பார்த்துவிட்டுத் தப்பான முடிவுக்கு வந்தாள்.

ஆடி நடுவில் அப்பா மாட்டுவண்டியில் குற்றாலத்துக்கு வந்தார். காலைப் பலகாரம் ஆனதும் பெரியப்பா பேச்சை எடுத்தார். நான் அடுப்படி வாசலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். ஒளிந்தெல்லாம் கேட்கவில்லை. என் காது கேட்கத்தான் பேசினார்கள். நான் இருக்கிற இடம்தான் யாருக்கும் தெரியாதே.

"ஏலே தம்பி, உனக்குத்தான் ரெண்டு பயலுவ இருக்கானுவளே. இவள எங்களுக்குக் குடுத்துரு. எம் மகளா வளக்கேன். பள்ளிக்கூடத்துல படிக்க வைக்கேன்" என்றார் பெரியப்பா.

அப்பா வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் இழுத்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். "அவளுக்கென்ன அண்ணே" என்றார் கடைசியில். "எங்கன கொண்டு போட்டாலும் மொளச்சிருவா. அவ அம்மைட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

"பிள்ளைட்டயும் கேக்கணும்லா?" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா சிரித்தார். "அவ எதையாவது வேண்டாம்னு அடம் பிடிச்சு நீ பாத்திருக்கியா?"

ஆனாலும் அப்பா கூப்பிட்டுக் கேட்டார். "ஏட்டி, பெரியம்மாகூட மதுரைக்குப் போயி இருந்துக்கிடுதியா?"

நான் என்ன சொல்ல? பயந்துகொண்டிருந்தது தயிர்க்காரிக்கு. வந்து நின்றது பெரியம்மா. விற்கிறவர்கள் விற்கும்போது மாட்டிடம் கேட்கிற வழக்கம் இல்லை. என்னிடம் கேட்டதே பெரிய மரியாதை என்று நினைத்தேன். "சரி" என்றேன். அப்பா எழுந்து வெளியே போய், கட்டவே வேண்டாத நுகக்கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் எதற்காக அப்படிச் செய்தார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு, வண்டி புறப்பட நேரமாகிறது என்று மட்டும்தான் நினைத்தேன்.

மதுரைக்குப் போகுமுன் ஒரு வாரம் தென்காசியில் இருந்தேன். எனக்கு இன்னும் ஒரு வழி பாக்கியிருந்தது. யாரும் பார்க்காதபோது கலயத்தை எடுத்து, பூஞ்சை பிடித்த கட்டிகளைப் பொறுக்கி எறிந்து, மிச்சத்தை விரலால் உதிர்த்து வைத்தேன். இரண்டு தரம் நெல் குத்தினார்கள். உரலடியை விட்டு நான் நகரவில்லை. கலயம் விளிம்புவரை வந்துவிட்டது. புறப்படுகிறதற்கு முந்தின நாள் காலை அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டுக்குக் கழனித்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கலயத்தை நீட்டினேன்.

"அம்மா, இந்தா."

"என்னதுட்டி இது?"

"தவிடு."

அந்த ஒரு சொல்லைத்தான் நான் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா கலயத்தை வாங்கி உள்ளே பார்த்தாள். கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. தெரிந்துவிட்டது, இனி என்னை அனுப்பமாட்டாள் என்று நான் நினைத்தேன்.

"மதினி, இங்கன வந்து பாருங்களேன்!" என்று அத்தையைக் கூப்பிட்டாள். "சிந்துனது செதறுனதயெல்லாம் மாட்டுக்குன்னு கூட்டி அள்ளிச் சேத்து வச்சிருக்கா. நாளைக்கு ஊருக்குப் போற பிள்ள!"

சொல்லிக்கொண்டே கலயத்தைக் கழனித்தொட்டியில் கவிழ்த்தாள். கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கினாள். மாடு மூக்குவரை தலையை உள்ளே விட்டுக் குடித்தது. அத்தை வந்து என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களை நெரித்துக்கொண்டாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பொறுப்பு போதும்ட்டி, நீ எங்க போனாலும் பொழச்சுக்கிடுவ" என்று வெறுங்கலயத்தை என்னிடம் கொடுத்தாள். மாடு குடித்து முடிக்கிறவரைக்கும் நான் அங்கேயே நின்றேன். கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் தென்காசி ரயிலடிக்கு எல்லாரும் வந்தார்கள். படி உயரமாக இருந்தது. போர்ட்டர் என்னைத் தூக்கிவிட வந்தார். வேண்டாம் என்று கம்பியைப் பிடித்து நானே ஏறினேன். பிளாட்பாரத்துக்கு எதிர்ப் பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அழுதால் பெரியம்மாவும் வேண்டாம் என்றுவிடுவாள், பிறகு எனக்கு இரண்டு வீடும் இல்லாமல் போய்விடும். "சமத்து, சமத்து" என்று அத்தை சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது. வண்டி நகர்ந்தது.

பெரியம்மாவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். படிக்க வைத்தாள், நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாள். நான் அவளிடம் ஒரு பழத்தை வாங்கித் தின்ன இரண்டு வருஷம் ஆனது, அவ்வளவுதான். லீவுக்குத் தென்காசிக்குப் போவேன். அம்மா எனக்கு வேறு இலை போடுவாள், விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி தலைவாழை இலை. அண்ணனும் தம்பியும் அடுப்படியில் தட்டில் தின்பார்கள். "இன்னுங் கொஞ்சம் போடட்டுமா" என்று என்னைத்தான் கேட்பாள். அவர்களைக் கேட்காமலே போடுவாள். மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டதில்லை. கை மாறிப்போன பிள்ளைக்கு இவ்வளவுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அக்காக்கள் கதையும் தவிட்டுக் கதையும் முழுசாகத் தெரிந்த பிறகும் அந்த இலை மட்டும் எனக்குப் புரியவே இல்லை.

அது புரிந்தது என் மகளுக்கு மூன்று வயதாயிருந்தபோது. தென்காசி வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். நான் கடைக்குப் புறப்பட்டதைப் பார்த்துவிட்டு என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிற கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. நானும் சலித்துப்போய், கடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இப்படி எனக்காக ஒரு நாளாவது அழுதிருக்கியாட்டி?" என்றாள்.

குரலில் விளையாட்டு இல்லை.

"உங்க பெரியம்மாட்ட நான் சொல்லித்தான் விட்டிருந்தேன். ரயில்ல ஏறையில பிள்ள ஒத்தச் சொட்டுக் கண்ணீர் விட்டாலும் கீழ இறக்கிருவேன், நீங்க கோவிக்கப்படாதுன்னு. அவுகளும் சரின்னாக. உங்க அப்பாவும் சரின்னாக. நான் ஸ்டேஷன்ல உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கேன், இந்தா அழுவா, இந்தா அழுவான்னு. நீ என்னடான்னா விறுவிறுன்னு ஏறி அந்தப் பக்கத்து ஜன்னல்ல போயி உக்காந்துக்கிட்ட. பெத்தவ நிக்காளேன்னு ஒரு தடவ திரும்பிப் பாத்தியா? இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு ஆறல."

அத்தனை வருஷமும் அவள் என்மேல் கோபமாக இருந்திருக்கிறாள். கல்நெஞ்சுக்காரி என்று என்னை ஒதுக்கித்தான் அந்தத் தலைவாழை இலை. யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் அந்தப் படியில் காலையே வைத்திருக்க மாட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மடியில் பிள்ளை இருப்பதையும் மறந்து கத்திவிட்டேன்.

"அம்மா, எனக்கு அப்போ ஏழு வயசு!"

"அதத்தானட்டி நானுஞ் சொல்லுதேன்" என்று அம்மாவும் கத்தினாள். மொச்சைச் சுளகு மடியிலிருந்து சரிந்து தரையெல்லாம் சிதறியது. "ஏழு வயசுப் பிள்ள அழ வேண்டாமா?"